சின்ன வயதில் நடந்ததற்கும் இன்று என்னால் நிறுத்த முடியாததற்கும் தொடர்பு உண்டா?

பாதிவழி எழுதியது:

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும்தான் இருக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 39 வயது. பள்ளிக் காலத்திலிருந்தே ஆபாசப் படம் பார்ப்பேன். அதை ஒரு பிரச்சினையாக நினைத்ததில்லை. கடைசி ஆறேழு வருடத்தில் அது வேறு உருவம் எடுத்துவிட்டது. விடியற்காலை மூன்று மணி வரை முகம் தெரியாதவர்களோடு சாட், பணம் கட்டிப் பேசும் வீடியோ அழைப்புகள். சேமிப்பில் பெரும்பகுதி அதில் போனது. மனைவிக்குத் தெரியவந்த அன்று அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன். அந்தச் சத்தியம் பதினோரு நாள் தாங்கியது.

என்னைக் குழப்புவது என்னவென்றால், எனக்கு அதில் இன்பமே இல்லை. தொடங்கும்போது ஒரு படபடப்பு. நடுவில் தலைக்குள் பஞ்சு அடைத்ததுபோல ஒரு மரத்த நிலை. முடிந்ததும் என்னை நானே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருக்கும். ஆசை அதிகமாக இருக்கும் நாளில் போகிறேன் என்றாலாவது புரியும். அலுவலகத்தில் யாராவது முகத்தைத் திருப்பிக்கொண்ட நாளில்தான் போகிறேன்.

போன மாதம் ஒரு உளவியல் ஆலோசகரிடம் போகத் தொடங்கினேன். மூன்றாவது சந்திப்பில், சம்பந்தமே இல்லாததுபோல ஒன்று கேட்டார்: "சின்ன வயதில் நீங்கள் அழுதால் யார் வந்து தூக்குவார்கள்?" யோசித்தேன். யோசித்துக்கொண்டே இருந்தேன். ஒரு முகமும் வரவில்லை.

அடுத்த வாரம் என் வாயிலிருந்தே இன்னொன்று வந்தது. ஒன்பது வயதில், வீட்டுக்கு வேண்டப்பட்ட ஒரு பெரிய பையன் பல மாதங்கள் என்னிடம் நடந்துகொண்ட விதம். இத்தனை வருடமும் அதை 'விளையாட்டு' என்ற பெயரில்தான் மனதில் வைத்திருந்தேன். ஆலோசகர் அதற்கு வேறு பெயர் சொன்னார்.

என் கேள்வி இதுதான். இரண்டுக்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா? இல்லை, செய்த தப்புக்கு ஒரு சாக்குத் தேடிக்கொள்கிறேனா? இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அதைப் பேசிய பிறகு இரண்டு வாரமாக நிலைமை முன்பைவிட மோசமாகிவிட்டது. தினமும் நடக்கிறது. தெரபியை விட்டுவிடலாமா என்று இருக்கிறது.

தனிமரம் எழுதியது:

தம்பி, விட்டுவிடாதீர்கள். மற்றதைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். எனக்கு 54 வயது, ஒன்பது வருடமாக மீட்சியில் இருக்கிறேன். நடுவில் இரண்டு முறை வழுக்கினேன்.

நான் முதன்முதலில் இதைச் சொன்னது வீட்டுப் பெரியவர் ஒருவரிடம். "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்றார். அந்த ஒரு வாக்கியம் என்னை ஆறு வருடம் பின்னால் தள்ளியது. இது என் பிறவிக் குணம், சாகும்வரை இப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன். தொட்டிலில் இருந்த பிள்ளைக்கு யார் என்ன செய்தார்கள் என்று அந்தப் பழமொழி கேட்பதில்லை. ஆலோசனைக்குப் போன பிறகுதான் எனக்கே அது உறைத்தது.

முகத்தைத் திருப்பிக்கொண்ட நாளில் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட அது முக்கியம்.

கணக்காயர் எழுதியது:

நான் புள்ளியியல் துறையில் இருப்பவன். என் தம்பிக்காக இதைப் பற்றி நிறைய வாசித்தேன். தொடர்பு இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. ஆனால் இணையத்தில் சொல்லப்படும் அளவுக்கு நேர்க்கோடாக இல்லை.

முதலில் எல்லோரும் எடுத்துக்காட்டும் ஆய்வு. 1980களில் அமெரிக்காவின் சான் டியேகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் உடல் எடையைக் குறைக்கும் சிகிச்சைப் பிரிவை நடத்திக்கொண்டிருந்தார். நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்கள் பாதியில் நின்றுபோனார்கள். ஏன் என்று விசாரித்தபோது, அவர்களில் பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று தெரிந்தது. மருத்துவர் நோய் என்று பார்த்த எடை, அவர்களுக்கு ஒரு கவசமாக இருந்திருக்கிறது. இதிலிருந்து கிளம்பியதுதான் ஃபெலிட்டியும் ராபர்ட் அண்டாவும் சேர்ந்து 17,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய பெரிய ஆய்வு. முதல் கட்டுரை 1998ல் வந்தது. அடி, பாலியல் கொடுமை, வீட்டில் குடிப்பவர், தாய் அடிவாங்குவதைப் பார்த்தது என்று குழந்தைப் பருவப் பாதிப்புகளை வகைவகையாக எண்ணினார்கள். நான்கு வகையோ அதற்கு மேலோ இருந்தவர்களுக்கு, ஒன்றுமே இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், குடி, போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி 4 முதல் 12 மடங்கு. வாழ்நாளில் 50 பேருக்கு மேல் உறவு, பால்வினை நோய் ஆகியவை 2 முதல் 4 மடங்கு.

50 பேரோடு உறவு என்பதும் அடிமைத்தனமும் ஒன்றில்லை. இதைக் கவனிக்க வேண்டும். ஒரே ஒரு திரையோடு அடைந்து கிடப்பவர் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்.

அடுத்து, பாலியல் அடிமைத்தனம் என்ற சொல்லைப் பரவலாக்கிய பாட்ரிக் கார்ன்ஸ். தான் ஆராய்ந்தவர்களில் 81 விழுக்காட்டினர் சிறுவயதில் பாலியல் கொடுமையையும், 72 விழுக்காட்டினர் உடல்ரீதியான கொடுமையையும், 97 விழுக்காட்டினர் உணர்வுரீதியான கொடுமையையும் அனுபவித்ததாக 1991ல் எழுதினார். இந்த எண்கள் எங்கும் சுற்றுகின்றன. ஆனால் இவர்கள் உதவி தேடி வந்தவர்கள், பக்கத்தில் வைத்து ஒப்பிட வேறு கூட்டம் இல்லை. மருத்துவமனை வாசலில் நின்று எண்ணினால் ஊரே காய்ச்சலில் கிடப்பதாகத்தான் தெரியும்.

மூன்றாவதை யாரும் பகிர்வதில்லை. கேத்தி ஸ்பாட்ஸ் விடோம் என்ற அமெரிக்க ஆய்வாளர், 1967 முதல் 1971 வரையில் கொடுமைக்கும் புறக்கணிப்புக்கும் ஆளானதாக நீதிமன்றப் பதிவுகளில் உறுதியான குழந்தைகளை, அவர்கள் பெரியவர்களான பிறகு தேடிப்பிடித்து, அதே பின்னணியுள்ள, ஆனால் கொடுமைக்கு ஆளானதாகப் பதிவில்லாத மற்றவர்களோடு ஒப்பிட்டார். 1996ல் வெளியான முடிவில், அந்தப் பெண்கள் பாலியல் தொழிலுக்குள் தள்ளப்படும் ஆபத்து கூடியிருந்தது. ஆனால் 'பலரோடு உறவு' என்ற அளவில் வேறுபாடு தெரியவில்லை. காயம் பட்ட எல்லோரும் இந்தப் பக்கம் வருவதில்லை என்பதற்கு இது ஒரு சாட்சி.

ஈரமண் எழுதியது:

நான் உளவியல் ஆலோசகர், 20 ஆண்டுகளாக இந்தத் துறையில் இருக்கிறேன். பாதிவழி, உங்கள் சிகிச்சையாளர் இடத்தில் என்னை வைத்துக்கொள்ள மாட்டேன். பொதுவாக நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

கைக்குழந்தைக்குத் தன்னைத் தானே அமைதிப்படுத்திக்கொள்ளத் தெரியாது. அது அழும், யாராவது தூக்குவார்கள், அந்த நெஞ்சுச் சூட்டில் அதன் இதயத்துடிப்பு அடங்கும். இது ஆயிரக்கணக்கான முறை நடந்தால்தான் "பதற்றம் வரும், ஆனால் அடங்கிவிடும்" என்று உடம்பு கற்றுக்கொள்ளும். ஜான் பௌல்பி என்ற மனநல மருத்துவர் காலத்திலிருந்து, பற்றுதல் எனப்படும் குழந்தைக்கும் வளர்ப்பவருக்குமான பிணைப்பைப் பற்றி ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். தூக்க ஆளில்லாத பிள்ளைக்கும் பதற்றம் வரத்தான் செய்யும். அது கைக்கு எட்டியதைப் பிடித்துக்கொள்ளும். சிலருக்கு அது தின்பது, சிலருக்குப் பகல் கனவு. சிலருக்கு, குறிப்பாக யாரோ ஒரு பெரியவர் காலத்துக்கு முன்பே அந்தக் கதவைத் திறந்துவிட்டிருந்தால், அது பாலியல் கிளர்ச்சி. அந்தச் சில நிமிடம் வலி தெரியாது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது ஒரு வலிநிவாரணி, அதன் கையில் இருந்த ஒரே மருந்து.

முப்பது வருடம் கழித்து அந்தப் பிள்ளை பெரிய மனிதராகிவிட்டது. உடம்பு மட்டும் பழைய மருந்துச் சீட்டையே வைத்திருக்கிறது. முகம் திருப்பிய மேலாளர், பேசாமல் போன மனைவி, வெறிச்சோடிய ஞாயிற்றுக்கிழமை மாலை, எது வந்தாலும் உடம்பு நீட்டுவது அதே சீட்டைத்தான். அதனால்தான் ஆசை அதிகமான நாளில் நடக்காமல், கைவிடப்பட்டதுபோல் உணர்ந்த நாளில் நடக்கிறது.

நீங்கள் சொன்ன அந்த 'பஞ்சு அடைத்த நிலை' பற்றியும் சொல்ல வேண்டும். தப்பிக்க வழியில்லாத கொடுமையின்போது குழந்தை மனதால் வெளியே போய்விடும். உடம்பு இங்கே கிடக்கும், பிள்ளை கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டிருக்கும். பெரியவரான பிறகு, திரை முன்னால் நான்கு மணி நேரம் போனதே தெரியவில்லை என்று சொல்பவர்களில் பலர் விவரிப்பது இதே விலகலைத்தான்.

இரகசியமும் அப்படித்தான். "யாரிடமும் சொல்லாதே" என்ற மிரட்டலோடு வந்த முதல் அனுபவம், பாலியல் என்றாலே ஒளிவுமறைவு என்று கற்றுக்கொடுத்துவிடுகிறது. பிறகு வெளிச்சத்தில் கிடைக்கும் அன்பு சப்பென்று இருக்கும், ஒளித்துச் செய்வதில்தான் உயிர் இருப்பதுபோலத் தோன்றும். தன் மனைவியிடம் நெருங்க முடியாமல் அந்நியர்களிடம் ஓடுகிறவர்கள் "எனக்கு அவள்மேல் அன்பில்லையோ" என்று அழுதிருக்கிறார்கள் என் முன்னால். அன்பு இருக்கிறது. நெருக்கம்தான் அவர்கள் உடம்புக்கு ஆபத்து மணி அடிக்கிறது.

தெரபிக்குப் பிறகு மோசமானது பற்றி இரவு தனியாக எழுதுகிறேன், அதை அவசரத்தில் சொல்லக்கூடாது.

வெயில்மழை எழுதியது:

மேலே எழுதியதை மதிக்கிறேன். ஆனால் வேறு ஒரு பக்கமும் பதிவாக வேண்டும். இந்த விளக்கத்தால் நான் இரண்டு வருடம் இழந்தேன்.

என் குழந்தைப் பருவம் நல்லது. நல்ல பெற்றோர், யாரும் தொட்டதில்லை, அடித்ததில்லை. எனக்கும் இதே பிரச்சினை வந்தது, முன்பின் தெரியாதவர்களைச் சந்திக்கும் அளவுக்கு. நான் போன முதல் ஆலோசகர் "ஏதோ நடந்திருக்கும், உங்கள் மனம் மறைக்கிறது" என்று தோண்டிக்கொண்டே இருந்தார். கண்ணை மூடு, வீட்டைக் கற்பனை செய், இருட்டில் யார் நிற்கிறார்கள் என்று பார். ஒரு கட்டத்தில் என் அப்பாவையே சந்தேகிக்கத் தொடங்கினேன். அவர் கையைத் தொட்டால் என் கை பின்னால் போகும். அவர் அதைக் கவனித்தார் என்று எனக்குத் தெரியும்.

பிறகு பார்த்த மனநல மருத்துவர், எப்போதெல்லாம் நடந்தது என்று நாள்காட்டி போடச் சொன்னார். அலை அலையாக இருந்தது. இரண்டு மூன்று வாரம் தூக்கமே தேவைப்படாது, பணம் தண்ணீராய்ப் போகும், உலகத்தை வென்றுவிடலாம் போலிருக்கும், இந்த நடத்தையும் அப்போதுதான். பிறகு மாதக்கணக்கில் ஒன்றுமே இல்லை. எனக்கு இருந்தது இருமுனைக் கோளாறு. மருந்து தொடங்கிய பிறகு அந்த ஓட்டம் நின்றது. பார்க்கின்சன் நோய்க்குத் தரும் சில டோப்பமின் மாத்திரைகளாலும் சிலருக்கு இப்படிக் கட்டுக்கடங்காமல் வரும் என்று அவர்தான் சொன்னார். இதையெல்லாம் பார்த்துவிட்டு அப்புறம் குழந்தைப் பருவத்துக்குப் போகலாமே.

ஈரமண் எழுதியது:

வெயில்மழை, உங்களுக்கு நடந்தது எங்கள் தொழிலின் பிழை. அதை மழுப்ப மாட்டேன். 1995ல் நினைவாற்றலை ஆராயும் எலிசபெத் லாஃப்டஸும் ஜாக்குலின் பிக்ரெலும் 24 பேரிடம், சிறுவயதில் கடைத்தொகுதி ஒன்றில் தொலைந்துபோனதாக நடக்காத ஒன்றைச் சொல்லி, நினைவு வருகிறதா என்று கேட்டார்கள். முழுதாகவோ அரைகுறையாகவோ நால்வரில் ஒருவருக்கு அது 'நினைவுக்கு' வந்தது. நினைவு என்பது பூட்டிய பெட்டி இல்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிசையும் மண். அதனால் நல்ல சிகிச்சையாளர் தோண்டமாட்டார். வருவதைக் கேட்பார், வராததைக் கேட்டு வாங்கமாட்டார். முதலில் இருமுனைக் கோளாறு, போதைப் பொருள், மருந்துகளின் பக்க விளைவு எல்லாவற்றையும் மனநல மருத்துவர் பார்த்துவிட வேண்டும் என்பதிலும் உங்களோடு நூற்றுக்கு நூறு உடன்படுகிறேன்.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். உங்களைப் பற்றிச் சொல்லவில்லை, வாசிக்கும் மற்றவர்களுக்காக. "எனக்கு எதுவும் நடக்கவில்லை" என்று வருபவர்களில் சிலருக்கு நடக்காததுதான் காயம். அடி இல்லை, தொடுகை இல்லை, தூக்கியதும் இல்லை. பாதிவழிக்கு அந்த முதல் கேள்வியில் ஒரு முகமும் வராமல் போனதும் இதில் சேரும்.

அரைநிலா எழுதியது:

பெண்கள் இதைப் பற்றி எழுதுவதில்லை. நான் எழுதுகிறேன்.

எனக்கு ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வரை. யார் என்று சொல்லப் போவதில்லை. இருபதுகளில் முழுக்க நான் யாரையும் அருகில் விடவில்லை. தோளில் கைபட்டால் உடம்பு விறைக்கும். முப்பது தாண்டியதும் ஒரே அடியாகத் தலைகீழ். வாரம் ஒருவர். முகம்கூட ஞாபகமில்லாதவர்கள். என் தோழிகள் என்னைச் 'சுதந்திரமான பெண்' என்றார்கள். நான் சுதந்திரமாக இல்லை. யாரையாவது நானே தேர்ந்தெடுத்து, நானே அழைத்து, நானே முடித்து அனுப்பும்போது, இந்த முறை நடப்பது என் கையில் இருக்கிறது என்று ஒரு கணம் தோன்றும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் அத்தனையும். அடுத்த நாள் காலையில் மறுபடி ஏழு வயது.

முற்றாக ஒதுங்குவதும் கட்டில்லாமல் ஓடுவதும் ஒரே காயத்தின் இரண்டு முகம் என்று என் ஆலோசகர் சொன்னபோது, என்னைப் பற்றிய ஒரு வரைபடம் முதன்முதலாகக் கையில் கிடைத்ததுபோல இருந்தது.

பாதிவழி, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் நானும் கேட்கவில்லை, ஆனால் அதுதான் என்னைத் தின்றது. அந்த நாட்களில் சில சமயம் என் உடம்பு எதிர்வினை காட்டியது. அதனால் நானும் விரும்பினேன் என்று இருபத்தைந்து வருடம் நம்பினேன். கூசினால் சிரிப்பு வருகிறது, வெங்காயம் நறுக்கினால் கண்ணீர் வருகிறது. உடம்பு அப்படித்தான் செய்யும். அது சம்மதம் ஆகாது. இதை யாராவது பதினைந்து வயதில் எனக்குச் சொல்லியிருந்தால் என் வாழ்க்கையே வேறாக இருந்திருக்கும்.

மட்டுறுத்துநர் எழுதியது:

அரைநிலா, நன்றி. எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள்: நடந்த செயல்களின் விவரம் வேண்டாம், வாசிப்பவர்களில் பலர் அதே காயத்தோடு இருப்பவர்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் யாருக்காவது இருந்தால், இங்கே பதிலுக்குக் காத்திருக்காமல் உடனே அருகிலுள்ள மருத்துவமனைக்கோ நம்பிக்கையான ஒருவரிடமோ போங்கள்.

நீலக்குடை எழுதியது:

நான் இன்னொரு பக்கத்தில் இருப்பவள். என் கணவருக்கு இந்தப் பிரச்சினை. அவருக்கும் சிறுவயதுக் காயம் உண்டு. உண்மையான காயம், எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் அவர் ஆலோசகரிடமிருந்து வந்து அதைச் சொன்ன அன்று நடந்ததைச் சொல்கிறேன். அதுவரை நான் ஏமாற்றப்பட்ட மனைவி. அந்த நிமிடத்திலிருந்து அவரைத் தேற்ற வேண்டிய தாய் ஆகிவிட்டேன். எனக்குக் கோபப்படக்கூட உரிமை போய்விட்டது. "பாவம், அவருக்கு அப்படி நடந்திருக்கிறது" என்று எல்லோரும். எனக்கு நடந்தது? மூன்று வருடம் பொய். பரிசோதனைக் கூடத்தில் நான் தலைகுனிந்து கொடுத்த இரத்தம்.

பாதிவழி அண்ணா, சாக்கா என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்த வித்தியாசம் இது. என் கணவர் முதல் மாதம் "அதனால்தான் நான் இப்படி" என்றார். எட்டு மாதம் கழித்து, "அதனால்தான் இப்படி ஆனேன், ஆனால் உன்னிடம் பொய் சொன்னது நான்" என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்துக்குப் பிறகுதான் நான் அவர் காயத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கினேன். அதற்கு முன்னால் எனக்குக் காது இல்லை.

பாதிவழி எழுதியது:

நீலக்குடை, உங்கள் பதிவை நான்கு முறை வாசித்தேன். என் மனைவிக்குக் காயத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. சொல்லி, அவள் கோபத்தை நிறுத்தப் பார்த்திருப்பேன், அதுதான் உண்மை. இப்போது கொஞ்சம் பொறுக்கிறேன்.

அரைநிலா அக்கா, அந்தக் கடைசிப் பத்திக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அலுவலகக் கழிப்பறையில் நின்று வாசித்தேன். வெளியே வர அரைமணி ஆனது.

கணக்காயர் எழுதியது:

'அடிமைத்தனம்' என்ற சொல்லைப் பற்றி ஒன்று. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் இதற்குக் 'கட்டாயப் பாலியல் நடத்தைக் கோளாறு' என்று பெயர். அடிமைநோய்கள் வரிசையில் வைக்காமல், உந்துதலைக் கட்டுப்படுத்த முடியாத கோளாறுகளின் வரிசையில் வைத்திருக்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கமோ 2013ல் வந்த தன் நோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் இதைச் சேர்க்க மறுத்துவிட்டது. மூளைப் படங்களை வைத்து இது போதைதான் என்பவர்களும் இல்லை என்பவர்களும் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வரையறையில் எனக்கு முக்கியமாகப் பட்டது: ஆறு மாதமோ அதற்கு மேலோ தொடர வேண்டும், வாழ்க்கை பாதிக்கப்பட வேண்டும், நிறுத்த முயன்று தோற்றிருக்க வேண்டும். "இது பாவம்" என்ற மனச்சாட்சிக் குத்தல் மட்டுமே இருந்தால் அது கோளாறு ஆகாது. மாதம் ஒருமுறை படம் பார்த்துவிட்டு "நான் அடிமை" என்று நடுங்கும் பையன்களுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும். 42 நாடுகளில் 82,000க்கும் அதிகமானவர்களிடம் நடத்தி 2023ல் வெளியான ஆய்வில், இந்தக் கோளாறுக்கான அதிக ஆபத்தில் இருந்தவர்கள் ஏறக்குறைய 5 விழுக்காடு. அதாவது பாதிவழி, உங்களைப்போல் இருபதில் ஒருவர். நீங்கள் வேற்றுக்கிரகத்து ஆள் இல்லை.

புதியவன்7 எழுதியது:

பெயரில்லாமல் ஒன்று கேட்கிறேன். எனக்கும் பத்து வயதில் நடந்தது. கொடுமைக்கு ஆளானவன் பின்னால் கொடுமை செய்வான் என்று எங்கோ வாசித்தேன். எனக்கு அப்படி ஒரு எண்ணமும் வந்ததில்லை. ஆனாலும் அக்கா குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளப் பயமாக இருக்கிறது. வீட்டுக்குப் போவதையே நிறுத்திவிட்டேன்.

ஈரமண் எழுதியது:

புதியவன், முதலில் உங்களுக்கு. இங்கிலாந்தில் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளாகிச் சிகிச்சைக்கு வந்த 224 ஆண்களின் பிற்கால வாழ்க்கையைப் பதிவுகளில் தேடினார்கள். 2003ல் வெளியான அந்த ஆய்வில், பாலியல் குற்றம் செய்ததாகத் தெரியவந்தவர்கள் 26 பேர். மீதி 198 பேரின் பெயரில் அப்படி ஒரு பதிவும் இல்லை. நீங்கள் வாசித்த அந்த வாக்கியம், கொடுமை செய்தவனின் குற்றத்தைத் தூக்கிப் பாதிக்கப்பட்ட பிள்ளையின் தலையில் வைக்கிறது. எண்ணமே வராமல் பயம் மட்டும் வருகிறது என்றால், அது காயத்தின் குரல். ஆலோசகரிடம் இதை முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள். அக்காவையும் பார்க்கப் போங்கள்.

பாதிவழி, இப்போது உங்கள் விஷயம். ஒன்பது வயதுக் கதையைப் பேசிய பிறகு மோசமானது என்றீர்கள். இதைத்தான் நான் அடிக்கடி பார்க்கிறேன், இதில்தான் பலர் சிகிச்சையை விட்டு ஓடுகிறார்கள். உளக்காயச் சிகிச்சையின் கட்டங்களை ஜூடித் ஹெர்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1992லேயே தெளிவாக எழுதிவிட்டார்: முதல் கட்டம் பாதுகாப்பு, இரண்டாவதுதான் நினைவுகூர்தலும் துக்கமும், மூன்றாவது மறுபடி மனிதர்களோடு இணைவது. வலி மருந்தைப் பிடுங்கிக்கொண்டு கட்டையும் அவிழ்த்தால் என்ன ஆகும்? உடம்பு மருந்தை இன்னும் பலமாகத் தேடும். உங்களுக்கு அந்த இரண்டு வாரம் நடந்தது அதுதான். நீங்கள் தோற்றுப்போனதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வரிசை மாறிவிட்டது, அவ்வளவுதான்.

ஆலோசகரிடம் போய், "அதைப் பேசியதிலிருந்து தினமும் நடக்கிறது, கொஞ்ச நாள் அந்த நினைவு அறைக்குள் போக வேண்டாம்" என்று அப்படியே சொல்லுங்கள். நல்லவர் என்றால் உடனே நிறுத்துவார். முதலில் உங்கள் கைக்கு வேறு மருந்து வேண்டும். உந்துதல் வரும்போது அதோடு மல்லுக்கட்டாமல் பத்து நிமிடம் தள்ளிப்போடுவது. பசியா, கோபமா, தனிமையா, களைப்பா என்று பெயர் வைப்பது. இரவில் போன் வேறு அறையில். அழைத்தால் எடுக்கும் ஒருவரின் எண். கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் தூக்க ஆளில்லாமல் வளர்ந்த உடம்புக்குத் தன்னைத் தூக்கிக்கொள்ளக் கற்றுக்கொடுப்பது இவைதான். ஸ்வீடனில் 137 ஆண்களிடம் நடந்து 2019ல் வெளியான சோதனையில், அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைக் குழுவாக ஏழு வாரம் பெற்றவர்களுக்கு, காத்திருந்தவர்களைவிட அறிகுறிகள் நன்றாகக் குறைந்தன. சிலருக்கு மனச்சோர்வு மருந்தோ, குடி, போதைக்குத் தரப்படும் நால்ட்ரெக்ஸோன் மருந்தோ துணை செய்கிறது. அதை மனநல மருத்துவர் முடிவு செய்ய வேண்டும்.

கால் நிலத்தில் ஊன்றிய பிறகு காயத்துக்குப் போகலாம். கண்ணசைவோடு சேர்த்து உளக்காய நினைவைக் கையாளும் ஈஎம்டிஆர் போன்ற முறைகளை உலக சுகாதார நிறுவனம் 2013ல் உளக்காய நோய்க்குப் பரிந்துரைத்திருக்கிறது. அதற்கு நேரம் இருக்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளை முப்பது வருடம் காத்திருந்துவிட்டான், இன்னும் ஆறு மாதம் காத்திருப்பான்.

வெயில்மழை எழுதியது:

இதைத்தான் என் முதல் ஆலோசகரும் செய்திருக்க வேண்டும். நன்றி.

பாதிவழி எழுதியது:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். தெரபியை விடவில்லை. அவரிடம் சொன்னேன். தானும் அவசரப்பட்டுவிட்டதாக ஒத்துக்கொண்டார். அந்த அறைக் கதவை இப்போதைக்குச் சாத்தி வைத்திருக்கிறோம்.

ஒரு நோட்டில் எழுதிவருகிறேன். எத்தனை மணிக்கு உந்துதல் வந்தது, அதற்கு முன் என்ன நடந்தது. இதுவரை 23 பதிவுகள். அதில் 17 முறை, முந்தின சில மணி நேரத்தில் யாரோ என்னைக் கண்டுகொள்ளாமல் போயிருக்கிறார்கள். ஒரு முறை, பேருந்தில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போனார். அவ்வளவுதான், அதற்கே. நோட்டைப் பார்த்து எனக்கே அழுகை வந்தது. ஒன்பது முறை நடந்துவிட்டது, பதினான்கு முறை தள்ளிப்போட முடிந்தது.

மனைவியிடம் கணக்கு வழக்கு எல்லாவற்றையும் காட்டினேன். பொய் சொன்னது நான் என்று சொன்னேன். காயத்தைப் பற்றி அவளாகக் கேட்டால் சொல்லலாம் என்று இருக்கிறேன். இன்னும் கேட்கவில்லை.

ஆலோசகர் வியாழக்கிழமை மாலைக் குழுவில் சேரச் சொல்லியிருக்கிறார். ஆண்கள் மட்டும், எட்டுப் பேர். தனிமரம் அண்ணா, முதல் நாளே பேசியாக வேண்டுமா? அதை நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது.

தனிமரம் எழுதியது:

வேண்டாம் தம்பி. நான் முதல் ஐந்து வாரம் பெயரைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருங்கள். எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்று தெரிந்தால் உட்காருவது சுலபம். நோட்டைக் கொண்டு போங்கள், திறக்க வேண்டியதில்லை, மடியில் வைத்திருங்கள். முடிந்து வெளியே வந்ததும் எனக்கு ஒரு செய்தி போடுங்கள். எத்தனை மணியானாலும் விழித்திருப்பேன்.